போட்டி மேடையும் விசுவாசச் சாட்சியும்

பேச்சு ஒரு கலை என்பதைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தனர். திருக்குறளிலே சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் உண்டு. அவையறிதலுக்கும் அவையஞ்சாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் உண்டு. மணிமேகலையிலே இந்திரவிழாவை நகருக்கு அறிவிக்கும் முரசறைவோன், தத்தம் சமயப் பொருளை எடுத்துரைக்க வல்ல வாதிகள் பட்டிமண்டபம் ஏறுக என்று அழைக்கிறான். அதே அறிவிப்பிலே, பகைவரோடாயினும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்லுங்கள் என்றும் வேண்டுகிறான். சமயக் கருத்தை அவையேற்றிப் பேசுவது தமிழர்க்குப் புதிதன்று என்பதும், அவ்வாறு பேசுவதற்கு ஒரு வரம்பு வேண்டும் என்பதும் இவ்விரண்டு அறிவிப்புகளாலும் புலப்படுகின்றன.

இக்காலத்துப் பேச்சுப் போட்டி அப்பழைய பட்டிமண்டபத்தின் இளைய வாரிசு எனலாம். அங்கே நடுவர் இருக்கின்றனர்; புள்ளித் தாள் இருக்கிறது; நேரம் முடிந்ததை அறிவிக்கும் மணி இருக்கிறது. கிறிஸ்தவ இளைஞன் ஒருவன் இத்தகைய மேடையிலே ஏறித் தன் விசுவாசத்தைப் பற்றிப் பேசலாமா? உள்ளத்தின் ஆழத்திலே இருக்கும் நம்பிக்கையைப் புள்ளிக்கும் பரிசுக்கும் உரிய பொருளாக வைப்பது தகுமா? தகுமெனின், அப்பேச்சு வெற்றி பெற்றது என்று எதைக் கொண்டு அறிவது?

இக்கேள்வி ஏட்டளவிலே நிற்பதன்று. யாழ்ப்பாணத் தீவகத்தின் சிற்றூர்களிலே இது ஆண்டுதோறும் எழுகின்ற கேள்வி. ஒல்லாந்தர் லைடன் என்று பெயரிட்ட தீவிலே, ஊர்காவற்றுறை, கரம்பொன், சுருவில், புளியங்கூடல், சரவணை, வேலணை முதலிய ஊர்களோடு சேர்ந்து கிடப்பது நாரந்தனை. பனையும் தோட்டமும் கடலுமே இத்தீவு மக்களின் வாழ்வுக்கு ஆதாரம். சைவரும் கத்தோலிக்கரும் அயலவராய் வாழும் நிலம் இது. இங்குள்ள பாடசாலை மாணவன் ஒருவன் தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டியிலே கலந்துகொள்ள விரும்பினால், முதலில் பாடசாலையிலும், பின் ஊர்காவற்றுறைக் கோட்டத்திலும், அதன்பின் தீவக வலயத்திலும் பேசித் தேற வேண்டும். அப்பாலும் வென்றால் வட மாகாண மேடை. அதற்கும் அப்பால் அகில இலங்கை மேடை. இஃது ஒரு புறம். மறு புறத்திலே, ஞாயிறு மறைக்கல்வி பயிலும் பிள்ளைகளுக்காகப் பங்குகள் தோறும் பேச்சு, விவிலிய வினாவிடை முதலிய போட்டிகளை நடத்துவது கத்தோலிக்கர்களிடையே பரவலான வழக்கம்.

இவ்விரு மேடைகளும் ஒன்றல்ல. பங்கு மண்டபத்திலே கேட்போர் அனைவரும் ஒரே விசுவாசத்தவர். பாடசாலை மேடையின் முன்னே பல சமயத்தவரும் அமர்ந்திருப்பர். முன்னதிலே வேதாகம வசனம் ஒன்றைச் சொன்னவுடனே அவை தலையசைக்கும்; பின்னதிலே அவ்வசனம் ஏன் ஒரு மனிதனுக்கு உயிராயிற்று என்பதை விளக்கினாலன்றி அவைக்கு எட்டாது. இவ்வேறுபாட்டை உணராத பேச்சாளன் எவ்வளவு நாவன்மை உடையவனாயினும் அவையறியாதவனே ஆவான்.

யாழ்ப்பாணத்துக்கு இவ்விடயத்திலே நீண்டதொரு வரலாறு உண்டு. வெஸ்லியன் சபையார் 1814ஆம் ஆண்டிலும், அமெரிக்க மிஷனார் 1816ஆம் ஆண்டிலும் இங்கு வந்து பணி தொடங்கினர். 1823ஆம் ஆண்டிலே வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றியது. பாடசாலையிலும், சந்தையிலும், வீட்டு முற்றத்திலும் நின்று பொதுமக்களுக்கு விளங்கும் உரைநடையிலே பிரசங்கம் செய்வது அவர்களுடைய முறை. அதுகாறும் புராணத்தைப் படித்துப் பயன் சொல்லுதலே தமிழ் அவைகளின் பெருவழக்காயிருந்தது. ஒருவர் எழுந்து நின்று ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, யாவரும் கேட்கத் தொடர்ந்து பேசும் பிரசங்கம் இம்மண்ணிலே வேரூன்றியதற்கு மிஷனாரின் உழைப்பு ஒரு முக்கிய காரணம்.

அவ்வித்தை அவர்களோடு நின்றுவிடவில்லை. பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்புப் பணியில் உதவிய ஆறுமுக நாவலர், 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலிலே தம் முதற் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். கிறிஸ்தவப் பிரசங்கத்துக்கு மறுமொழியாகச் சைவப் பிரசங்கம் எழுந்தது. இரு தரப்பிலும் பத்திரிகைகளும் கண்டனங்களும் வெளிவந்தன. நாவலரின் ‘சைவ தூஷண பரிகாரம்’ 1854ஆம் ஆண்டிலே அச்சேறியது.

இப்போட்டியால் விளைந்த நன்மை பெரிது. தமிழ் உரைநடை வளம் பெற்றது, அச்சகங்கள் பெருகின, பாடசாலைகள் எழுந்தன, பொதுமக்கள் வாதங்களைக் கேட்டுச் சீர்தூக்கப் பழகினர். ஆனால், கண்டனத்தால் மனம் மாறியவர் எத்தனை பேர் என்று எண்ணினால் விடை அத்துணை உவப்பாக இராது. பழிக்கப்பட்டவன் தன் சமயத்தை முன்னிலும் இறுகப் பற்றிக்கொண்டான். எதிரியின் வாயை அடைத்தவன் அவனுடைய செவியையும் சேர்த்தே அடைத்துவிட்டான். வாதத்திலே வெல்வது வேறு, உள்ளத்தைத் தொடுவது வேறு என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணம் தன் அனுபவத்தாலே கற்றது.

இவ்வேறுபாட்டைப் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்தவர் ஒருவர் உளர். அவர் அர்ச். அகுஸ்தீனார். வட ஆப்பிரிக்காவிலே பிறந்த அவர், இளமையிலே கார்த்தேசு நகரில் சொல்லணிக் கலை கற்பித்த ஆசிரியர். போட்டிகளிலே அவருக்கு இருந்த வேட்கை பெரிது. ஒருமுறை கவிதைப் போட்டியொன்றிலே அவர் நுழையவிருந்தபோது, பலி கொடுத்து வெற்றியை உறுதியாக்கித் தருவதாகச் சொல்லி ஒரு மந்திரவாதி கூலி பேசினான். அவர் அதனை அருவருத்து மறுத்தார். பின்னர் போட்டியொன்றிலே வெற்றி முடி சூடவும் செய்தார். மிலான் நகரிலே அரசவை மதிக்கும் ஆசிரியப் பதவி வகித்த காலத்திலே, சொல்லை விற்றுப் புகழ் தேடும் வாழ்வு அவருக்குக் கசந்தது. 386ஆம் ஆண்டிலே அப்பதவியைத் துறக்க முடிவு செய்தார். மறு ஆண்டிலே ஞானஸ்நானம் பெற்றார்.

அகுஸ்தீனார் பதவியைத் துறந்தாரேயன்றிச் சொல்வன்மையைத் துறக்கவில்லை. முதுமையிலே, 426ஆம் ஆண்டளவில், கிறிஸ்தவப் போதனையைப் பற்றித் தாம் எழுதிய நூலின் நான்காம் பகுதியிலே இதற்குக் காரணம் கூறுகிறார். சொல்வன்மை ஒரு கருவி. பொய்யனும் அதனை எடுக்கலாம், மெய்யனும் எடுக்கலாம். பொய் பேசுவோர் கேட்போர் மனம் கவரப் பேசுகையில், மெய் பேசுவோர் மாத்திரம் சோர்வு தட்டப் பேச வேண்டும் என்பது என்ன நியாயம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அந்நூலிலே அவர் தம் அனுபவம் ஒன்றையும் சொல்கிறார். மவுரித்தானியா நாட்டுச் செசரெயா நகரிலே ஆண்டுதோறும் குறித்த காலத்திலே ஒரு கொடிய வழக்கம் நடந்து வந்தது. நகரத்தார் இரு கட்சியாய்ப் பிரிந்து, தந்தை மகன் என்றும் அண்ணன் தம்பி என்றும் பாராது, பல நாட்கள் ஒருவரையொருவர் கல்லால் எறிந்து போரிடுவர், உயிர்களும் மாளும். அகுஸ்தீனார் அங்குச் சென்று அவர்களிடையே பேசினார். மக்கள் ஆரவாரித்தனர். அவ்வாரவாரம் கேட்டபோது தம் பேச்சு இன்னும் பலிக்கவில்லை என்றே அவர் எண்ணினார். மேலும் பேசினார். அவர்கள் கண்ணீர் விட்டனர். அப்போதுதான் காரியம் முடிந்தது என்று நம்பினார். அவர் அதை எழுதியபோது எட்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தும் அந்நகரிலே அத்தகைய சண்டை மீண்டும் நிகழவில்லை.

ஆரவாரம் பேச்சு இனித்தது என்பதற்கு அடையாளம். கண்ணீர் அது நெஞ்சிலே தைத்தது என்பதற்கு அடையாளம். கல்லை எறியாது கீழே போட்ட கைதான் அது பயன் தந்தது என்பதற்குச் சான்று. விசுவாசத்தைப் பேசுவோர் வெற்றியை அளக்க இதனினும் தெளிவான அளவுகோல் கிடைப்பது அரிது.

அகுஸ்தீனாரின் காலத்தவரான மற்றொருவர், பொன்வாய் அருளப்பர் என்று போற்றப்படும் கிறிசோஸ்தோமு. அந்தியோக்கியாவிலே லிபானியு என்னும் பெரும் சொல்லாசிரியரிடம் பயின்றவர் இவர். கோயிலிலே பிரசங்கம் கேட்டுக் கைதட்டும் வழக்கம் அக்காலத்திலே இருந்தது. கைதட்டலைக் கேட்கும்போது தமக்கும் மனித இயல்பால் மகிழ்ச்சி உண்டாகிறது என்று அவர் ஒளியாது ஒப்புக்கொண்டார். வீடு திரும்பியபின், கேட்டவர்க்குப் பயன் ஏதும் இல்லையே என்று எண்ணி வருந்துவதாகவும் சொன்னார். இனி யாரும் கைதட்டக்கூடாது என்று ஒரு விதி செய்யப்போவதாக அவர் அறிவித்தபோது, மக்கள் அதற்கும் கைதட்டினர்! மேடை ஏறுவோருக்கு உள்ள சோதனையை இந்நிகழ்ச்சி நகைச்சுவையோடு காட்டிவிடுகிறது.

அப்படியாயின் போட்டி எதற்கு? கைதட்டலே வேண்டாம் எனின் பரிசு மாத்திரம் எதற்கு? இதற்கு விடை, போட்டியைப் பயிற்சிக் களமாகக் கொள்வதிலே இருக்கிறது. அமெரிக்க நாட்டிலே ரால்ப் ஸ்மெட்லி என்பவர் வை.எம்.சி.ஏ. எனப்படும் வாலிபக் கிறிஸ்தவர் சங்கத்திலே கல்விப் பணி புரிந்தவர். அங்கு வரும் இளைஞர் பலர் அவையிலே எழுந்து நான்கு சொல் பேச அஞ்சுவதை அவர் கண்டார். 1905ஆம் ஆண்டிலே இலினாய் மாநிலத்தின் புளூமிங்டன் நகரிலே அவர்களுக்காக ஒரு பேச்சுக் கழகம் தொடங்கினார். பின்னர் 1924ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், கலிபோர்னியாவின் சாந்தா ஆனா நகரிலே, சங்கக் கட்டிடத்தின் நிலவறையிலே அவர் கூட்டிய கூட்டத்திலிருந்து வளர்ந்ததே இன்று உலகெங்கும் கிளை பரப்பியிருக்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் இயக்கம். இன்று அது சமயச் சார்பற்றது. ஆயினும் அதன் தொட்டில் ஒரு கிறிஸ்தவ சங்கத்தின் நிலவறைதான்.

அவ்வியக்கத்தின் முறை எளிது. ஒருவர் பேசுவார்; மற்றொருவர் அப்பேச்சின் நிறை குறைகளை நட்போடு எடுத்துச் சொல்வார்; மறுமுறை முன்னவர் திருந்திப் பேசுவார். 1938ஆம் ஆண்டு முதல் பேச்சுப் போட்டியும் நடத்தப்படுகிறது. அதிலே பேச்சுக்கு உரிய நேரம் ஐந்து முதல் ஏழு நிமிடம். ஏழரை நிமிடத்தைக் கடந்தவர், எவ்வளவு சிறப்பாகப் பேசினாலும் போட்டியிலிருந்து நீக்கப்படுவார். இந்தக் கண்டிப்பு விசுவாசத்தைப் பற்றிப் பேசுவோருக்கு மிகவும் வேண்டியது. ஏழு நிமிடத்திலே நிதானமாகச் சொல்லக்கூடியவை சில நூறு சொற்களே. அச்சில நூறு சொற்களுள் உலகப் படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரை அடக்க முயல்பவன் ஒன்றையும் சொல்லாமலே இறங்குவான். ஒரே ஒரு கருத்தை எடுத்து, அதற்கு ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சான்றாக்கி, கேட்போர் வீட்டுக்குக் கொண்டு செல்லும்படி கொடுப்பவனே பேசியவன் ஆவான்.

இந்த அடக்கம் யாழ்ப்பாண மண்ணிலே பிறந்த இருவரிடத்திலே நன்கு காணப்பட்டது. ஒருவர் 1908ஆம் ஆண்டிலே பிறந்த மெதடிஸ்த சபைக் குருவானவர் டி. டி. நைல்ஸ். ஆம்ஸ்டர்டாமிலே 1948ஆம் ஆண்டு உலகத் திருச்சபைகளின் மன்றம் தோன்றியபோது அதன் தொடக்க ஆராதனையிலே பிரசங்கித்தவர்களுள் இவரும் ஒருவர். 1968ஆம் ஆண்டு சுவீடனின் உப்சாலா நகரிலே அம்மன்றம் கூடியபோது, தொடக்கப் பிரசங்கம் செய்யவிருந்த மார்ட்டின் லூதர் கிங் அவ்வாண்டு ஏப்ரலிலே சுட்டுக் கொல்லப்பட்டமையால், அவருக்குப் பதிலாகப் பேசும் பொறுப்பும் நைல்ஸ் அவர்களுக்கே வந்தது. நற்செய்தி சொல்பவனைப் பற்றி அவர் கூறிய உவமை உலகறிந்தது. சொல்பவன் செல்வனும் கேட்பவன் ஏழையும் அல்லர், இருவருமே பசித்தவர், உணவு கிடைக்கும் இடத்தை அறிந்த ஒருவன் மற்றவனுக்கு வழி சொல்கிறான், அவ்வளவே என்பது அதன் கருத்து. உயர்ந்த மேடையிலே நின்றாலும் பேசுவோன் கேட்போரினும் உயர்ந்தவனல்லன் என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல இயலாது.

மற்றவர் நாரந்தனை இருக்கும் அதே தீவிலே, கரம்பொன்னில், 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் பிறந்த தனிநாயகம் அடிகள். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் கற்று, உரோமாபுரியிலே குருத்துவக் கல்வி பெற்ற இவர், தமிழை முறையாகப் பயிலத் தொடங்கியது வடக்கன்குளத்திலே ஆசிரியப் பணி புரிந்த நாட்களிலேதான். அதன்பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ் ஆராய்ந்தார். நாடு நாடாகச் சென்று தமிழின் பெருமையைப் பேசினார். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964ஆம் ஆண்டிலே புதுதில்லியில் உருவாகவும், முதல் மாநாடு 1966ஆம் ஆண்டிலே கோலாலம்பூரில் கூடவும் முன்னின்று உழைத்தார். அவர் பிற சமயத்தவரோடு கண்டனப் போர் நிகழ்த்தவில்லை. குருவின் அங்கி அணிந்த ஒருவர் தமிழினம் முழுவதற்கும் பொதுவான ஒரு செல்வத்தைக் காக்க உழைத்தார். அவ்வுழைப்பே அவர் விசுவாசத்துக்குச் சாட்சியாயிற்று. தீவகத்துப் பிள்ளைகளுக்கு அவரைவிட அண்மையான முன்மாதிரி இல்லை.

பல சமயத்தவர் கூடிய அவையிலே எவ்வாறு பேசுவது என்பதற்கு வேதாகமத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சின்னப்பர் என்றும் பவுல் என்றும் வழங்கப்படும் அப்போஸ்தலர் அத்தேனே நகரிலே பேச நேர்ந்தபோது, அந்நகரத்தார் அறியாத கடவுளுக்கென எழுப்பியிருந்த பீடத்தைச் சுட்டியே பேச்சைத் தொடங்கினார். அவர்களுடைய புலவரின் வாக்கையே தமக்குத் துணையாகக் கொண்டார். பேச்சின் முடிவிலே சிலர் நகைத்தனர், சிலர் பின்னொருநாள் கேட்போம் என்றனர், சிலர் நம்பினர். பெரியதோர் அப்போஸ்தலருக்கே கிடைத்த பயன் இவ்வளவாயின், பாடசாலை மேடையிலே பேசும் பிள்ளை முதற்பரிசு கிடையாமைக்காக மனம் உடைய வேண்டியதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஏடுகளும் இவ்வழியையே வற்புறுத்துகின்றன. பிற சமயங்களிலுள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்கிறது ஓர் ஏடு. விசுவாசத்தைப் பரப்புகையில் வற்புறுத்தலோ தகாத தூண்டுதலோ கூடாது என்கிறது மற்றோர் ஏடு.

எனவே, போட்டி மேடையிலே விசுவாசத்தைப் பேச விரும்பும் பிள்ளைக்குப் பெரியோர் சொல்லத்தக்கவை சில உள. கொடுக்கப்பட்ட தலைப்பை விட்டு விலகுதல் ஆகாது. ‘உழைப்பின் உயர்வு’ என்பது தலைப்பாயின், நாசரேத்திலே தச்சுத் தொழில் செய்தவரைப் பற்றிச் சொல்ல அங்கே இயல்பாகவே இடமுண்டு; அதை விட்டு ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவது நடுவரையும் அவையையும் ஏமாற்றுவதாகும். பெரியவர் எழுதிக் கொடுத்ததை ஒப்புவிப்பது நினைவாற்றலுக்குச் சான்றாகுமேயன்றி விசுவாசத்துக்குச் சான்றாகாது. பிள்ளை தானே கண்டதையும் தன் வீட்டிலே கேட்டதையும் தன் சொல்லாலே சொல்லப் பழக்க வேண்டும். அச்சொல் கரடுமுரடாக இருப்பினும் அதிலே உயிர் இருக்கும். பிறர் சமயத்தைத் தாழ்த்தித் தன் சமயத்தை உயர்த்த முயல்வது எந்நாளும் வேண்டாம். பரிசு கிடைத்தால் நன்றி சொல்லவும், கிடையாதபோது வென்றவனை முதலிலே சென்று வாழ்த்தவும் கற்பிக்க வேண்டும். அவ்வாழ்த்து, மேடையிலே பேசிய ஏழு நிமிடத்தினும் நீண்ட பிரசங்கம்.

பிறரை ஊக்குவித்தல் என்னும் பயனையும் இங்கே மறத்தலாகாது. 1990ஆம் ஆண்டிலே போரினால் தீவக மக்களுள் பெரும்பாலோர் தம் ஊர்களை விட்டு இடம்பெயர்ந்தனர். வீடும் தோட்டமும் வள்ளமும் இழந்தவர் பலர். உற்றாரை இழந்தவர் பலர். நெடுங்காலத்தின்பின் திரும்பி வந்தவரும் உளர். கடல் கடந்த நாடுகளிலே நிலைத்துவிட்டவரும் உளர். இத்தகைய மக்களின் முன்னே பேசும் இளைஞனுக்கு வாதம் வேண்டியதில்லை, ஆறுதல் வேண்டும். இழப்பின் நடுவிலும் தன் பாட்டியார் எதைப் பற்றி நின்றார், தன் தாயார் எதைச் சொல்லித் தேற்றினார் என்று அவன் உண்மையாகச் சொன்னால், அவர் செபமாலை பற்றியவராயினும் திருநீறு அணிந்தவராயினும் கேட்போர் அனைவர்க்கும் அது தம் கதையாகவே தோன்றும். இலங்கையரான தனஞ்சய ஹெட்டியாராச்சி 2014ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே கோலாலம்பூரில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் உலகப் பேச்சுப் போட்டியிலே முதலிடம் பெற்றார். அவர் எடுத்த பொருளும் ஊக்கமே. ஓர் இளைஞனிடத்திலே அவனே காணாத நன்மையைப் பிறர் முன்னதாகக் கண்டு சொல்லும்போது அவன் வாழ்வு திருந்துகிறது என்பதே அதன் சாரம். அது சமயப் பேச்சன்று. ஆயினும் விசுவாசத்தைப் பேசுவோர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அதிலே உண்டு.

பரிசுக் கிண்ணம் பாடசாலை அலுமாரியிலே இருக்கும். ஆண்டுகள் செல்ல அதன் மேலுள்ள எழுத்தும் மங்கிப்போகும். செசரெயா நகரத்தார் கல்லைக் கீழே போட்டது போல, பேச்சைக் கேட்ட ஒருவர் தம் அயலவரோடு கொண்டிருந்த பகையை விட்டாராயின், அல்லது நம்பிக்கை இழந்திருந்த ஒருவர் மறுநாட் காலையிலே எழுந்து தம் தோட்டத்துக்கு நீர் இறைக்கச் சென்றாராயின், அப்பேச்சுக்கு உரிய புள்ளி அங்கேதான் இடப்படுகிறது. நடுவரின் தாளிலே அதற்கு இடமில்லை. பேசிய பிள்ளைக்கும் அது பெரும்பாலும் தெரிய வராது. தெரியாதிருந்தும் அடுத்த ஆண்டு மீண்டும் மேடை ஏற முன்வருமாயின், அப்பிள்ளையிடத்திலே விசுவாசம் வேரூன்றத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.